அழித்த படங்களைக் கேட்கும் டாக்டரம்மா

குழந்தையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே டாக்டரம்மாவின் இடது கை நீண்டுவிடும், பெற்றோரின் செல்போனுக்காக. "காய்ச்சல் ஆரம்பிச்சதுல இருந்து எடுத்த படமெல்லாம் காட்டுங்க." வாங்கினால் லேசில் திருப்பித் தரமாட்டார். "இது யாரு, தாய்மாமனா? இந்த மீசை மொத்தக் குடும்பத்துக்கும் போதுமே." வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் வைத்த பெயர் ஆல்பம் அம்மா. சரியான வம்புக்காரி என்று புதிதாக வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

வம்பாவது, ஒன்றாவது. சின்னக் குழந்தைகளுக்கு வரும் கவாசாகி நோய் பொல்லாதது. அடையாளங்களை ஒருசேரக் காட்டித் தொலைக்காது. இன்றைக்குக் கண் சிவக்கும். அது தெளிந்தபின் உதடு வெடிக்கும். உடம்பில் வந்த தடிப்பு சுவடே இல்லாமல் போய்விடும். கோட்டை விட்டால் இதயத்தின் ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்ளலாம். அதனால்தான் இன்று தெரியாததை நேற்றைய படத்தில் தேடுகிறார்.

ஒருநாள் தையல்கடைக்காரப் பெண் ஒருத்தி தன் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலைந்து நாளாக இறங்காத காய்ச்சல். தூக்கினாலும் அழுகை, இறக்கினாலும் அழுகை. கண் தெளிவாக இருந்தது, தடிப்பும் இல்லை. உள்ளங்கை மட்டும் லேசாக உப்பியிருந்தது. போனில் இருந்ததோ அத்தனையும் சிரித்த படங்கள்.

"அழகா இருக்கறதெல்லாம் எனக்கு எதுக்கும்மா? வேண்டாம்னு அழிச்சதைக் காட்டுங்க."

"ஐயோ, அது கண்றாவியா இருக்கும் டாக்டர்."

"இருக்கட்டுமே. அழிச்சதும் போன்லயே ஒரு மூலைல கொஞ்ச நாள் கிடக்கும். திறங்க."

வெட்கத்தோடு திறந்தாள். பீளை ஒரு பொட்டும் இல்லாமல் இரு கண்ணும் சிவந்து ஒரு படம். உதடு வெடித்து அழுகிற படம். குளிக்கும்போது எடுத்த ஒன்றை டாக்டரம்மா இரண்டு விரலால் பெரிதாக்கினார். பிறந்தபோது போட்ட தடுப்பூசியின் பழைய தழும்பு, நேற்றுக் குத்தியதுபோல் தோளில் சிவந்து கிடந்தது. அதன்பிறகு யாருடைய மீசையைப் பற்றியும் அவர் கேட்கவில்லை.

"இதையா அழிச்சீங்க, மகராசி? விஷயமே இதுலதான் இருக்கு. பழைய ஊசித் தழும்பு இப்படிச் சிவக்கறதும் கவாசாகியோட அடையாளம். பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போன் பண்றேன், நேரா அங்க போயிடுங்க."

"என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதில்ல டாக்டர்?"

"நேரத்தோட வந்துட்டீங்க. மருந்து இருக்கு. கிளம்புங்க முதல்ல."

அங்கே இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. சில வாரம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் ரத்தக்குழாயில் ஒரு குறையும் இல்லை. அந்த ரிப்போர்ட்டோடு தாயும் மகளும் டாக்டரம்மாவிடம் திரும்பி வந்தார்கள். மகள் மேஜைக்கடியில் புகுந்து அவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு நடை பழகினாள்.

"இப்பல்லாம் ஒண்ணையும் அழிக்கறதில்ல டாக்டர். ஆடினது, மங்கினது, பாதித் தலை, எல்லாம் இருக்கு. போன்லதான் இடமே இல்ல."

கேட்காமலேயே போனை நீட்டினாள். மூக்கு ஒழுக, வாயெல்லாம் பல்லாக மகள் சிரிக்கும் படம். பழக்க தோஷம், டாக்டரம்மாவின் இரண்டு விரல்களும் திரைக்குப் போயின. பாதியில் நின்றன. விரல்களை மடக்கிக்கொண்டு, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பெரிதாக்காமல் முழுப் படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.