காந்திமதி வாங்கிய பின் டயர்

கம்மாபுரம் ரோட்டில் சுரங்க லாரிகள் திரும்பும் இடத்தில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், காந்திமதியின் சைக்கிளில் பின் டயர் வெடித்தது. சைக்கிளோடு சேர்ந்து ரோட்டோர மண்ணில் சரிந்தாள். பின்னால் வந்த லாரி பிரேக் போட்டு நின்றபோது அதன் சக்கரம் அவள் முந்தானைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

"அடி பட்டுச்சாம்மா?" என்று டிரைவர் எட்டிப் பார்த்துக் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு அவள் சைக்கிளை நிமிர்த்தினாள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் ஷிப்டு டிபனே முடிந்திருந்தது. சூப்பர்வைசர் அறிவழகன் அவளை உள்ளே விடவில்லை. "கான்ட்ராக்ட் மாறப்போற நேரத்துல இப்படி லேட்டா வந்தா நான் என்னம்மா பண்றது? இன்னைக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க" என்றார்.

அந்தக் கேன்டீனில் காய் நறுக்கி, பாத்திரம் கழுவியே அவளுக்கு வருஷங்கள் ஓடிவிட்டன. எல்லாம் கான்ட்ராக்ட்தான். ஒவ்வொரு முறை கான்ட்ராக்டர் மாறும்போதும் சிலருக்கு வேலை போகும். இந்த மாதக் கடைசியில் புதியவர் வருகிறார். யாரை வைத்துக்கொள்வார், யாரை அனுப்புவார் என்று ஒருவருக்கும் தெரியாது.

மந்தாரக்குப்பத்தில் மீரான் மைதீன் பாயின் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவர் வெடித்த டயரைப் பிரித்துப் பார்த்தார். பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்து நூல் தொங்கியது. மழைக்காலத்தில், மலிவாகக் கிடைக்கிறதே என்று சந்தையில் வாங்கியது அது.

பாய் இரண்டு டயர்களை எடுத்து முன்னால் போட்டார். "இது லோக்கல். இது கம்பெனி டயர், வெல கிட்டத்தட்ட ரெட்டிப்பு. எத்தினி நாளைக்கு ஓட்டப் போறீங்கன்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி போட்டுக்கலாம்."

அதைத்தானே அவளால் சொல்ல முடியவில்லை.

புருஷன் பன்னீர்செல்வத்துக்குப் போன் போட்டாள். அவன் கொத்து வேலையில் இருந்தான். விழுந்ததை அவள் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கே போகவேண்டாம் என்பான்.

"வேலயே இருக்குமோ இருக்காதோன்னு பயந்துகினு கெடக்கறோம். அதுக்குள்ள எதுக்கு வெல ஜாஸ்தி டயரு? லோக்கலே போட்டுகினு வா" என்றான்.

"சரி பாய், லோக்கலே போடுங்க."

பாய் சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். புது டயரை ரிம்மில் ஏற்றுவதற்காக அவர் விரலால் அழுத்தியபோது அது துணி போல மடங்கியது. காந்திமதி குனிந்து அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். இந்த வேலை போனாலும் வேறு வேலை தேடி இதே ரோட்டில்தானே வரவேண்டும்? லாரிக்குத் தெரியுமா அவள் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டதா இல்லையா என்று?

"பாய், அத எடுத்துடுங்க. கம்பெனி டயரே போடுங்க."

"வூட்ல வேற மாதிரி சொன்னாங்களேம்மா?"

"நான் பேசிக்கறேன். போடுங்க."

கேஸ் சிலிண்டருக்கு என்று எடுத்து வைத்திருந்த பணம் அதில் போனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பின்னால் ஹாரன் கேட்டபோதெல்லாம் இறங்கி ஓரமாக ஒதுங்கினாள். செய்தது சரிதானா என்று மனம் குடைந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் பன்னீர்செல்வம் டயரைப் பார்த்துவிட்டு, "சொன்னா கேக்கமாட்டியா?" என்று ஆரம்பித்தான். அப்போதுதான் லாரி விஷயத்தைச் சொன்னாள். அவன் குனிந்து முன் டயரை விரலால் தடவிப் பார்த்து, "இதுவும் தேஞ்சிதான் கெடக்குது" என்றான்.

மாதம் முடிந்தது. புது கான்ட்ராக்டர் அவளை வைத்துக்கொண்டார். ஆனால் வேலை இன்னும் தள்ளியிருந்த வேறொரு கேன்டீனில். தூரம் கூடிப்போனதால் இருட்டோடு கிளம்பவேண்டியிருந்தது. இப்போதைக்கு மூன்று மாதம் என்றார்கள். அதற்குப் பிறகு என்ன என்று அவர்களும் சொல்லவில்லை, கேட்கும் தைரியம் அவளுக்கும் வரவில்லை.