ஸ்மராண்டாவின் ஜனவரிப் பதிவு

கம்பியை எலி கடிக்கவில்லை. கத்தரிக்கோலால் யாரோ வெட்டியிருந்தார்கள், நான்காம் மாடி பால்கனியிலிருந்து மூன்றாம் மாடி ஜன்னலுக்கு இறங்கும் இடத்தில், துணி வெட்டுவதுபோல நேராக. அதற்குக் கீழே இருக்கும் வீடுகள் எல்லாவற்றுக்கும் இணையம் போய்விட்டது. காலையிலிருந்து ஆளாளுக்குக் கூப்பிட்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். க்ரயோவாவில் எங்கள் குடியிருப்பின் ஏழு கட்டடங்களுக்கும் கூரைக்குக் கூரை கம்பி இழுத்து இணையம் கொடுப்பவன் நான்தான். என் கம்பியில் எவராவது கை வைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

மூன்றாம் மாடியில் இருப்பவர் ஸ்மராண்டா. கட்டடத்தில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் அத்தை முறை வைத்து அவரைத் தாந்தி என்றுதான் கூப்பிடுவோம். மணியை அழுத்தியதும் சங்கிலி போட்ட கதவு இரண்டு விரல் அகலம் திறந்தது.

“உன்னை யாரு அனுப்பினா?”

“யாரும் அனுப்பல தாந்தி. கம்பிய வெட்டினது நீங்கதானே?”

“படிக்கட்டுல நின்னு கத்தாதே கொர்னெல். உள்ள வா.”

உள்ளே வானொலி அலறிக்கொண்டிருந்தது. தொலைபேசியின் மேல் ஒரு தலையணை. கணினித் திரையைப் பின்னல் துணி போட்டு மூடி, நான்கு முனையிலும் துணி மாட்டும் கிளிப் குத்தியிருந்தார். வீட்டுக்கு வீடு ஒட்டுக்கேட்ட கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இந்த வீட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முப்பத்தோரு வருஷம் தொழிற்சாலை அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் அவர். வீட்டிலும் சொந்தமாக ஒரு தட்டச்சுப் பொறி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அதற்குக் காவல் நிலையத்தின் அனுமதி வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் பொறியைக் காய்கறிப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய், அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்துக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஊரில் ஆட்சிக்கு எதிராக ஏதாவது துண்டுத்தாள் கிளம்பினால் யார் வீட்டு எழுத்து என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான். ஏழு ஜனவரி அப்படிச் சுமந்திருக்கிறார். இப்போது கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடுகளைக் கணினியில் அடித்துக் கொடுக்கிறார். விரல்கள் இன்றும் பறக்கும்.

“என்ன நடந்தது, முதல்ல இருந்து சொல்லுங்க.”

“திரையில பெட்டி பெட்டியாத் திறக்குது. சூதாட்டம், உடம்பு இளைக்கிற மாத்திரை, வெட்கங்கெட்ட பொம்பளைங்க. ஒண்ணை மூடினா மூணு வருது. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். மூணு வாரத்துக்கு முன்னாடி ஒண்ணு வந்து, ‘ஸ்மராண்டா, வணக்கம்’னு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுது. என் பேரு அதுக்கு எப்படித் தெரியும்? எவளோ சொல்லியிருக்கா.”

“எவ?”

அவர் விரலை மேலே கூரையைப் பார்த்து நீட்டினார். மேல் வீட்டில் இருப்பவர் வெத்தூரியா. இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். ஒரே நாளில் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தவர்கள். தினமும் நாலு மணிக்கு இருவரில் ஒருவர் வீட்டில் காப்பி. அந்தக் காப்பி மூன்று வாரமாக நின்றுபோனது கட்டடத்துக்கே தெரியும். காரணம் எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

“கம்பி அவ வீட்டு வழியாத்தானே வருது? நான் அடிக்கிறது முதல்ல அவகிட்டத்தானே போகுது?”

“அவங்க வீட்டுல இருக்கறது கம்பியைப் பிரிச்சுவிடற ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதுக்குப் படிக்கத் தெரியாது.”

“உனக்குத் தெரியுமே. எல்லாக் கம்பியும் உன்கிட்டத்தானே வந்து முடியுது?”

சுருக்கென்று தைத்தது. நான் நினைத்தால் பார்க்க முடியும் என்பது உண்மை. நினைத்ததில்லை என்று சத்தியம் செய்தாலும் இவர் நம்பப் போவதில்லை. கிளிப்புகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன்.

கம்பி வெட்டப்பட்டிருந்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. வலையில் இருக்கும் கணினியைச் சுத்தம் செய்தால், ஒரு பக்கம் துடைக்கத் துடைக்க மறுபக்கம் வந்து சேரும். அத்தியாவசிய நிரல்கள் மட்டும் ஓடும்படி கணினியைத் திரும்பக் கிளப்பி, கையோடு கொண்டுபோயிருந்த வட்டிலிருந்து துப்புரவு நிரலை ஓடவிட்டேன். பிடிபட்ட கள்ள நிரல்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் இருநூற்றுப் பதினான்கில் நின்றது. அப்போது என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“ஒற்றன் புகுந்திருக்கான், தாந்தி.”

எங்கள் தொழிலில் வேவு பார்க்கும் நிரலுக்கு அதுதான் பெயர். ஸ்மராண்டா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“யாரோட ஆளு?”

“ஆளெல்லாம் இல்ல. விளம்பரக் கம்பெனிக்காரன் எழுதின நிரல். நீங்க எங்க போறீங்க, என்ன பாக்குறீங்கன்னு குறிச்சு அவனுக்கு அனுப்பும். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னு சொல்றான் பாரு! அந்தக் காலத்துல மட்டும் அவங்க வேறென்ன செஞ்சாங்க?”

இருநூற்றுப் பதினான்கையும் நீக்கினேன். உலாவியின் தலையில் ஒட்டிக்கொண்டிருந்த பட்டையைக் கழற்றினேன். மாற்றி வைத்திருந்த முகப்புப் பக்கத்தைப் பழையபடி வைத்து, பெட்டிகளைத் தானே தடுக்கும் வேறொரு உலாவியைப் போட்டுக் கொடுத்தேன். கடைசியாக, எல்லாவற்றுக்கும் தாயாக இருந்த நிரலின் கோப்புறையைத் திறந்து, எப்போது நுழைந்தது என்று பார்த்தேன்.

“ஜனவரி பதினேழு, காலை பத்தேகால். அப்ப யாரு இங்க இருந்தா? வெத்தூரியா தாந்தியா?”

அவர் எழுந்துபோய் வானொலியை நிறுத்தினார்.

“நான்தான். தனியா இருந்தேன். அன்னிக்குத்தான் பதிவு பண்ணினேன்.”

“என்ன பதிவு?”

“பெட்டி ஒண்ணு வந்து இங்கிலீஷ்ல ரெஜிஸ்டர் பண்ணச் சொல்லிச்சு. நம்ம மொழியிலயும் கிட்டத்தட்ட அதே சொல்லுதானே? ஜனவரி மாசம். மெஷினுக்குப் பதிவு. வருஷா வருஷம் செஞ்சதுதானே? கேள்வி கேக்காம செஞ்சுட்டேன்.”

தெருவில் சூரியகாந்தி விதை விற்பவளிடம்கூட, நீ யார், எந்த ஊர் என்று விசாரிக்கிற ஆள் இவர்.

“என்ன கேட்டுச்சு?”

“பேரு, விலாசம், பொறந்த தேதி. அப்புறம் எனக்குத் தெரிஞ்ச மூணு பேரோட பேரும் மின்னஞ்சலும். பல் டாக்டரைக் கொடுத்தேன். உன்னைக் கொடுத்தேன். வெத்தூரியாவைக் கொடுத்தேன்.”

பிப்ரவரியிலிருந்து எனக்குக் குப்பைக் கடிதங்கள் ஏன் குவிகின்றன என்று அப்போதுதான் விளங்கியது. அது போகட்டும். போன வாரம்தான் வெத்தூரியாவின் கணினியில் இதே நோயைத் துடைத்துவிட்டு வந்திருந்தேன். அப்போது அவர் சொன்னதை நான் காதிலேயே வாங்கவில்லை: “அவ பேருல கடிதம் வந்துச்சு. பேசலைன்னாலும் என் ஸ்மராண்டாதானேன்னு திறந்தேன்.”

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன்.

“எண்பத்தி நாலு ஜனவரியில அந்த அதிகாரியும் இதேதான் கேட்டான்,” என்றார் ஸ்மராண்டா. “தெரிஞ்சவங்க மூணு பேரு சொல்லுன்னான். எனக்கு யாரையுமே தெரியாதுன்னுட்டேன். அன்னியிலிருந்து பதவி உயர்வே கிடையாது. அப்பக் கொடுக்காத பேரை, கொர்னெல்... உடம்பு இளைக்கிற மாத்திரைக்காரனுக்குக் கொடுத்திருக்கேன்.”

அழவில்லை. கணினி முன் உட்கார்ந்து படபடவென்று அடித்து அச்செடுத்தார். ‘கீழே கையொப்பமிடும் நான், ஜனவரி பதினேழாம் தேதி, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் தோழி வெத்தூரியாவின் பெயரை அந்நியருக்குக் கொடுத்தேன்.’ கையெழுத்துப் போட்டார். தனியாகப் படியேற அவருக்குத் தைரியம் இல்லை. என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

வெத்தூரியா வாசலிலேயே நின்று மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அவர் வாயைத் திறக்கும்வரை ஸ்மராண்டா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேதி, பேரு, கையெழுத்து, எல்லாம் சரியா இருக்கு,” என்றார் வெத்தூரியா. “நகல் எடுத்தியாடி?”

ஸ்மராண்டா தலைகுனிந்தார். “ஒண்ணு.”

“போய் அதையும் எடுத்துட்டு வா. என் பேரு இருக்கற தாள் எதுவும் வெளிய கிடக்கக் கூடாது. அப்புறம் காப்பி போடறேன்.”

ஸ்மராண்டா கீழே இறங்கினார். வெத்தூரியா கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“கொர்னெல், நீயும் கூடப் போ. ஒண்ணுதானான்னு பாத்துட்டு வா.”