கொக்கின் இறகில் உளித்தடம்

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் ஜெபநேசன் இருபத்திரண்டு ஆண்டுகள் பராமரிப்பு வேலை பார்த்தார். உணவறை வாசலுக்கு மேலே, கொக்குகளும் பைன் மரமுமாக ஜப்பானில் செதுக்கிய ஒரு மரப்பலகை இருந்தது. வாரம் ஒருமுறை ஏணியில் ஏறி அதைத் தூசு தட்டுவது அவருக்குப் பிடித்த வேலை. இறகுகள் சொரசொரப்பாக இருந்ததுதான் அவருக்குக் குறை. செய்தவன் அவசரத்தில் பாதியில் விட்டுவிட்டான் என்று நினைத்தார்.

ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கையில், சுற்றுலாப் பருவம் முடிந்து ஹோட்டல் பூட்டிக் கிடந்தது. தன் ஊரான மன்னாரில் திருநாளுக்கு முன் மாதா சொரூபத்துக்குச் செய்வதுபோல, பலகையைச் சாண்ட் பேப்பரால் வழுவழுவென்று தேய்த்து வார்னிஷ் பூசினார். யாரும் கேட்கவில்லை. அது அவருடைய அன்பளிப்பு.

கொக்குகள் பிளாஸ்டிக் வாத்துகள்போல மினுங்கின. முதலாளியம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சொரசொரப்புத்தான் சிற்பி கடைசியாக வைத்த உளித்தடம், அதற்குமேல் எதுவும் பூசுவதில்லை என்று மெதுவாகச் சொன்னார். திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

"திருப்பி அப்பிடியே செய்விக்கேலாதோ?" வீட்டில் மனைவி றீற்றா கேட்டார்.

"செய்த மனுசன் எப்பவோ செத்துப்போனார். தேய்ச்ச தூளை நான்தான் கூட்டி அள்ளிக் குப்பையில போட்டனான்."