வெயிலை மறித்துப் போட்ட பெஞ்சு

பக்கத்து வீட்டுக்காரரைப் பழிவாங்குவதற்காக நான் என் கையாலேயே ஒரு மர பெஞ்சு செய்தேன். கோபத்தில் அவசரமாகச் செய்ததல்ல. நிதானமாக, ரசித்துச் செய்தேன்.

நீலகிரியில் அருவங்காட்டுக்குச் சற்று மேலே, சரிவை வெட்டிச் சமன்செய்த ஒரே தளத்தில் எங்கள் இரண்டு வீடுகளும் இருக்கின்றன. அவரும் நானும் வெடிமருந்து ஃபாக்டரியில் ஒரே ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். நடுவில் வேலி போட்டதில்லை. என் இடத்தின் மேற்கு ஓரத்தில், வீடு கட்டிய வருஷம் நான் நட்ட சில்வர் ஓக் மரம் நின்றது. அது தன் கூரைமேல் விழும் என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவர் சொல்வார். நான் சிரித்து ஒதுக்குவேன். ஓர் ஆடி மாதம் என்னிடம் சொல்லாமல் மனுக் கொடுத்துவிட்டார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஆபத்தான மரம் என்று எழுதி, வெட்டச் சொல்லிவிட்டார்கள்.

வெட்டிய மரத்தை மர மில்லில் அறுத்தபோது அடித்துண்டின் நடுப்பகுதி உளுத்துப் போயிருந்தது. கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போயிற்று. அடுத்த பெருங்காற்றில் அது நின்றிருக்காது. விழுந்திருந்தால் அவர் மனைவி படுக்கும் அறையின் மேல்தான் விழுந்திருக்கும். இதைக் கண்டதும் என் கோபம் தணிந்திருக்க வேண்டும். மாறாக, முற்றியது. அவர் பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவர் சொன்னது சரியாக இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. உளுத்த துண்டை மட்டும் பிளந்து வெந்நீர் அடுப்பில் எரித்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

நல்ல பலகைகளைச் சமையலறைக்குப் பின்னால், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, மேலே கல்லை ஏற்றிக் காயவிட்டேன். எங்கள் ஊர் ஈரத்தில் பச்சைப் பலகை முறுக்கிக்கொள்ளும். காய்கிற வரை பொறுத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் பலகையோடு சேர்ந்து என் வன்மமும் கெட்டிப்பட்டது.

பனிக்காலத்தில் எங்கள் தளத்தில் காலை வெயில் ஒரே ஒரு மூலையில்தான் விழும். மற்ற இடங்களை எதிர்மலை மறைத்துவிடும். மதியத்துக்கு மேல் மஞ்சு மூட்டம் ஏறிவிடும். ஆகவே அந்த மூலையில்தான் இரண்டு வீட்டாரும் வெயில் காய்வோம். அவர் மனைவிக்கு மூட்டுவாதம். காலையில் விரல்கள் மடங்காது. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கைகளை மடியில் விரித்து வைத்து அங்கே உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் இளகியதும் எழுந்து சமைக்கப் போவார். அந்த வெயில்தான் அவரை மலையில் வைத்திருந்தது. சர்வே கல்லின்படி அந்த மூலை என்னுடையது.

கார்த்திகைக் கடைசியில் வெயில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து முளைக்குச்சி அடித்தேன். அந்த நீளத்துக்குப் பலகையை அறுத்தேன். இழைப்புளியைத் தள்ளும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தை நினைத்துக்கொள்வேன். கால்களைக் குழி தோண்டி சிமெண்டு போட்டு இறுக்கினேன், யாரும் நகர்த்திவிடக் கூடாது என்று.

முதல் நாள் அந்தம்மா தடி ஊன்றி வந்தார். நாற்காலி போட இடமில்லை என்பதைக் கண்டும் முகம் மாறவில்லை.

"ஏனுங்ணா, பெஞ்சு நல்லா வந்திருக்குதுங்க. நாலு பேரு உக்காரலாமாட்ட இருக்குது."

நான் பேப்பரை விரித்து, கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டேன். "எனக்கு இடுப்பு வலிங்க. படுக்கறதுக்குன்னே பண்ணுனது."

அந்தம்மா தடியை மறுகைக்கு மாற்றினார். பிறகு திரும்பிப் போனார். தடி கல்லில் தட்டும் சத்தம் கேட்டபோது எனக்குச் சுகமாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அன்று சுகமாகத்தான் இருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரே வந்தார். முளைக்குச்சி அடித்த குழிகளைக் காலால் தடவினார்.

"ஏனுங்க, வெயிலையுமா அளந்து எடுத்துக்கிட்டீங்க?"

"என் இடத்துல விழறதைத்தானுங்க எடுத்தேன். மனுக் குடுக்கறதுன்னா குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. மார்கழி முழுக்கக் காலையில் போய்ப் படுத்தேன். முதுகு மரத்துப் போனாலும் வெயில் நகரும் வரை எழமாட்டேன். எதிரே அந்தம்மா ஜன்னலுக்குள் கம்பளியைச் சுற்றி உட்கார்ந்திருப்பது தெரியும். தை பிறப்பதற்குள் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போய்விட்டதாம். ஒரு காலையில் டாக்சி வந்தது. மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டுக்குக் கீழே இறங்கிப் போனார்கள்.

என் மனைவி காபியைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். "அந்தக்கா போயிட்டாங்க. இனி நல்லாக் காலை நீட்டிக்குங்க" என்றாள்.

அதன்பிறகு பெஞ்சில் படுக்க எனக்கு மனம் வரவில்லை. தை முடியும்வரை, திரும்பி வந்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன். பிறகு நானே பஸ் பிடித்துப் போனேன். மகள் வீட்டு முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மரம் உளுத்திருந்ததையும், நான் எரித்ததையும், பெஞ்சை எதற்காகச் செய்தேன் என்பதையும் அந்தம்மாவின் எதிரிலேயே சொன்னேன். பெஞ்சைப் பெயர்த்துவிடுகிறேன், வீட்டுக்கு வாருங்கள் என்றேன்.

அவர் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்தார்.

"இந்த வார்த்தையை மார்கழியில சொல்லியிருக்கலாமுங்க" என்றார். "மலையில இருக்கற ஊட்டை வித்துட்டோம். நேத்துத்தான் கையெழுத்துப் போட்டோம்."

அந்தம்மா மகளைக் கூப்பிட்டு, எனக்குக் காபி போடச் சொன்னார்.