சாரலில் குளித்த கள்ளி

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், உயிருள்ள எதுவும் நனையாமல் இருப்பதைப் பார்க்கப் பொறுக்காது. விருந்தாளி பையைக் கீழே வைக்குமுன் கையில் துண்டைக் கொடுத்து அருவிக்குத் தள்ளிவிடுவோம். அந்த வேகத்தில்தான் அலமாரியில் இருந்த கள்ளிச்செடியை எடுத்து, எங்கள் தென்காசி வீட்டுப் பால்கனிச் சுவரில் வைத்தேன். மகள் அம்மாவுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தது. சின்னத் தேங்காய் அளவில் உருண்டையாக இருக்கும்.

செடி சாரலில் குளித்தது. நான் சாரல் எட்டாத சன்னலோரத்தில் நாற்காலி போட்டு, டீ குடித்தபடி அதை ரசித்தேன்.

சில நாளில் கள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாவம், தாகம் போல என்று ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். மழையில் நிற்கிற செடிக்குத் தாகம் என்று கண்டுபிடித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மனைவி வந்து பார்த்தாள். கரண்டிக் காம்பால் அடிப்பக்கத்தை அமுக்கினாள். காம்பு உள்ளே போனது. ஊறப்போட்டு மறந்த உளுந்து வாசம் வந்தது.

“இது முதல்லயே அடியில பழுப்பாத்தான இருந்துச்சு?” என்றேன்.

“பழுப்பா இருந்து கெட்டியா இருந்தா வயசு. அமுக்குனா அமுங்குனா அழுகல். தீவாளிக்கு மக வாரா. செடி எங்கன்னு கேட்டா உங்களத்தான் கை காட்டுவேன்.”

தொட்டியிலிருந்து பிடுங்கினோம். அழுகிய வேர் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, முள்ளங்கி மாதிரி வில்லை வில்லையாக அறுத்தாள். ஒவ்வொரு வில்லையிலும் நடுவில் பழுப்புப் புள்ளி. புள்ளியே இல்லாத பச்சைச் சதை வந்தபோது, தேங்காய் எலுமிச்சம்பழமாகியிருந்தது.

வெட்டுவாய் நன்றாகக் காய்ந்த பிறகுதான் நட வேண்டும். சீசன் நேரத்தில் எங்கள் வீட்டில் பனியனே காயாது. கள்ளி எங்கே காய? பாவூர்சத்திரத்தில் வெங்காயக் கடை வைத்திருக்கும் கூட்டாளிக்குப் போன் போட்டு, வெங்காயம் காய்கிற இடத்தில் ஒரு மூலை கேட்டேன்.

“ஏலே, சீசனுக்கு எல்லாரும் குற்றாலத்துக்குப் போவான். நீ மட்டுந்தாம்ல அங்கன இருந்து நோயாளிய இங்கன கொண்டாருத” என்றான்.

பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சின்ன வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அவன் அதற்கு ஒரு தட்டுக் கொடுத்தான். விலை கேட்ட ஓர் அம்மாவிடம், “அது விக்கதுக்கு இல்லக்கா, அட்மிட் ஆகிருக்கு” என்றான்.

வெட்டுவாய் தோல் மாதிரி இறுகியதும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பருமணலில் கொஞ்சம் மண் கலந்து, அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் மனைவி நட்டாள். செம்பை என் கண்ணில் படாமல் ஒளித்தும் வைத்தாள். சில வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். கள்ளி வர மறுத்தது. வேர் பிடித்துவிட்டது!

இனி அதற்கு வெளிச்சமும் வேண்டும், ஈரமும் ஆகாது. வீடு முழுக்கச் சுற்றிய அவள் பார்வை என் நாற்காலியில் வந்து நின்றது.

“எந்திரிங்க.”

தீபாவளிக்கு மகள் வந்தபோது நல்ல மழை. சன்னலோரத்தில் கள்ளி, பால்கனியில் நானும் டீயும்.

நடந்த கதையைக் கேட்டுவிட்டு, “பொழைச்சிட்டாம்மா?” என்றாள் மகள்.

“அது பொழைச்சிட்டு. அப்பாவத்தான் அப்பப்ப அமுக்கிப் பாக்கணும்.”