வாழவந்தி வளைவில் கொட்டிய லோடு

என் மேல்வரிசைப் பல் ரெண்டு எங்கே போச்சு என்று கேட்டால், அப்பா பாறையில் விழுந்துட்டார் என்று உங்கம்மா சொல்லி வைத்திருக்கிறாள். நான் விழவில்லை, கண்ணுகளா. நீங்கள் விவரம் தெரிந்த பிள்ளைகள் ஆகிவிட்டதால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நம் வீட்டுக்கு மேலே தடுப்புச் சுவர் எழும்பிக்கொண்டிருந்த சமயம். அதற்கு முந்தின மழையில் மேட்டு மண் சரிந்து பக்கத்து வீட்டு ஆட்டுப்பட்டியை அமுக்கிவிட்டது. தோண்டிப் பார்த்தபோது ஆடுகள் வாய் நிறைய மண்ணோடு செத்திருந்தன. அடுத்தது நம் வீடுதான். அதனால்தான் அந்தச் சுவர்.

அங்கே கான்கிரீட்டைச் சோதிக்கிற ஆள் நான். கலவை லாரி வந்ததும் கொஞ்சம் கலவையை அள்ளி, மேலும் கீழும் திறந்த இரும்புக் கூம்பில் போட்டு, கம்பியால் குத்தி நிரப்பி, கூம்பை மேலே தூக்க வேண்டும். நல்ல கலவை கொஞ்சம் அமுங்கி நிற்கும். தண்ணி கூடினது சாணிக் கரைசலாகப் பரவும். பரவினால் திருப்பி அனுப்ப வேண்டும்.

அன்றைக்கு குப்பனூர் பாதையில் மரம் விழுந்து லாரி மாட்டிக்கொண்டது. லாரி மேல் சுழல்கிற டிரம்முக்குள் கலவை இறுக ஆரம்பித்ததும் டிரைவர் தண்ணியை ஊற்றிச் சுற்றிக்கொண்டே வந்திருக்கிறார். கூம்பைத் தூக்கினேன். கலவை என் செருப்பு வரைக்கும் ஓடி வந்தது.

"ஏனுங்க, எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?"

"வர்ற வழியெல்லாம் மழைப்பா."

"மழை உங்க டிரம்முக்குள்ள மட்டும் பேஞ்சுதுங்களா?"

சுவர் வேலை மேஸ்திரி சிரித்துவிட்டார். டிரைவர் முகம் கறுத்துப்போனது.

"கூம்பு தூக்கறவனுக்கு வாயைப் பாரு. உள்ள இறுகிப் போச்சுன்னா உங்கொப்பனா வந்து உளி வெச்சு ஒடைப்பான்?"

"அதுக்காக இங்க விட முடியாதுங்க. கீழ என் ஊடு இருக்குது."

"உட்டுத் தொலை சாமி, நொம்ப நேரமாச்சு," என்றார் மேஸ்திரி. "மேல நல்ல லோடு போட்டு மூடிக்கலாம்."

டிரைவர் கலவை இறங்குகிற தகரச் சரிவைச் சுவர்ப் பக்கம் இழுத்தார். நான் இந்தப் பக்கம் தள்ளினேன். இழுபறியில் கொஞ்சம் கலவை தரையில் கொட்டியது. கீழே கிடந்த குத்துக் கம்பியை எடுத்து அவர் என் வாயிலேயே ஒரு போடு போட்டார். ஜல்லி உடைகிற மாதிரி தலைக்குள் சத்தம் கேட்டது. துப்பினேன், ரெண்டு பல் விழுந்தது. என் கையில் கூம்பு இருந்தது. அதால் அவர் காதோடு சேர்த்து ஒரு அடி விட்டேன். காது கிழிந்து தொங்கியது. அவர் ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை, என்னைக் கொட்டிக் கிடந்த கலவைக்குள் தள்ளி, மார்பில் உட்கார்ந்து கழுத்தை நெரித்தார். சிமெண்டுத் தண்ணி கண்ணில் ஏறித் தீயாய் எரிந்தது. ஆடுகளின் வாய்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பக்கத்து எஸ்டேட்டில் கிளை கழிக்கிற கவாத்து வேலையிலிருந்த உங்கம்மா சத்தம் கேட்டு ஓடி வந்தாள். கையில் கவாத்துக் கத்தி.

"எடுடா கையை! இந்தாளு செத்தா லாரியை எம்புள்ளைங்களுக்கு எழுதி வெப்பியா?"

அவர் எடுக்கவில்லை. அவள் வெட்டினாள். முழங்கைக்குக் கீழே சதை பிளந்தது. அப்போதுதான் அவர் பிடி விட்டு எனக்கு மூச்சு வந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் மேஸ்திரி உதவிக்கு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இப்ப யாரை வெட்டப் போறீங்க?" என்று உங்கம்மா கேட்டாள். அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

டிரைவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். டிரம்மில் இறுகிவிடும் என்ற பயத்தில் வாழவந்தி வளைவிலேயே மிச்சம் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் போலீசுக்குப் போகவில்லை, நாங்களும் போகவில்லை. அந்தக் கத்தியை உங்கம்மா அப்புறம் தொடவே இல்லை.

அந்த வளைவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நீங்கள் ஏறி உட்காருகிற திட்டு அந்தக் கலவைதான். குச்சியால் நோண்டினால் மணலாய் உதிர்கிறதே, அதைத்தான் நம் தலைக்கு மேலே நிறுத்தப் பார்த்தார்கள். போன மழையில் மேட்டு மண் மறுபடி இறங்கியது. நல்ல லோடில் கட்டி முடித்த சுவரில் வந்து மோதி, அங்கேயே நின்றது. நீங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.