சத்தம் போடாத வகுப்பு

என் அக்கா குணமணிக்கு வாய் நீளம் என்று தண்ணிமலைத் தோட்டத்தில் சொல்லாத ஆள் கிடையாது. இருக்கட்டும். அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் அவளை எப்போதோ மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்த பெண் டீச்சராகிவிட்டால் நம் சனம் முதலில் கும்பிடும், பிறகு அவள் எப்போது சறுக்குவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், லுணுகலைக்கு மேலே இருக்கிறது. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தாள். அக்கா படித்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டத்துப் பிள்ளைகளையே தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாக எடுத்தபோது அவளுக்கும் நியமனம் கிடைத்தது. எனக்குக் கணிதம் காலை வாரிவிட்டது, நான் அம்மாவைப் போலக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டேன். அதில் ஒரு இலாபம் உண்டு. அக்காவைப் பற்றி மலையில் யார் என்ன பேசினார்கள் என்பது அவளைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரே ஒரு நீள மண்டபம். தகரக் கூரை, நடுவில் சுவர் கிடையாது, ஐந்து வகுப்பும் அதற்குள்தான். மண்டபம் பள்ளத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி ஏழாம் நம்பர் மலை. பிள்ளைகள் கூட்டமாகக் கத்திப் படிப்பது மலையில் கொழுந்து எடுக்கிற தாய்மாருக்கு அப்படியே கேட்கும். எந்தச் சத்தம் எந்த வகுப்பு என்று எங்களுக்கு அத்துப்படி. டீச்சர்மாருக்கு நாங்கள் மார்க் போடுவதும் அதை வைத்துத்தான். வகுப்பு அதிர்ந்தால் கெட்டிக்கார டீச்சர். அடங்கிக் கிடந்தால் சோம்பேறி. எழுதப் படிக்கத் தெரியாத தாய் வேறு எதை வைத்துப் பார்ப்பாள்?

என்னோடு கொழுந்து எடுக்கிற பூவம்மாவுக்கு இதில் தனிப் பெருமை. அவளுடைய மூத்த மகள் துஷ்யந்திக்குக் கணீரென்ற தொண்டை. அவள் முதலில் சொல்ல, வகுப்பு பின்னால் சொல்லும். "கேளுங்கடி, எம்மக தொண்டைய!" என்று பூவம்மா கொழுந்தெடுக்கிற கையை நிறுத்திவிட்டு நிமிர்வாள். நாங்களும் கேட்போம்.

தொண்ணூற்றெட்டு கடைசியில் ஒருநாள் பேய் மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. அக்கா அப்போது நாலாம் வகுப்பு எடுத்தாள். பிள்ளைகள் வழக்கம்போலப் பாடத்தைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு பிள்ளையின் வாயருகே குனிந்து காதை வைத்தாள். ஒன்றுமில்லை, உதடுதான் அசைந்தது. அடுத்த பிள்ளையும் அப்படித்தான். மூன்று நாலு பேர் பாடத்தை மனப்பாடமாகச் சொல்ல, மற்றவர்கள் அந்தச் சத்தத்தில் தொற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மழைச் சத்தத்தில் அந்த மூன்று நாலு பேரின் குரல் கேட்காமல் போனதும் மற்ற வாய்களில் ஒரு சொல்லும் இல்லை. முன்னால் கத்தியவர்களில் ஒருத்தனைப் பிடித்து பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேட்டாள். அவன் முதல் வரியிலிருந்து தொடங்கினான்.

அன்று வீட்டுக்கு வந்து அக்கா சாப்பிடவில்லை. "நாலு வருசமா இந்தப் புள்ளைகள ஏமாத்தியிருக்கோம். தெரியாமத்தான் செஞ்சோம்னு சொன்னா விட்டுடுவாங்களா?" என்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இனி என்ன கூத்து நடக்கப் போகிறதோ என்று பயமாகவும் இருந்தது.

கூத்து தை மாதம் தொடங்கியது. யாரும் சீண்டாத ஒன்றாம் வகுப்பைக் கேட்டு வாங்கினாள். நாலாம் வகுப்பு டீச்சர் ஒன்றாம் வகுப்புக்கு இறங்குவதைப் பார்த்து மற்ற டீச்சர்மார் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அந்த வருடம்தான் ஒன்றாம் வகுப்புக்கு அரசாங்கத்தின் புதிய கற்பிக்கும் முறை வந்தது. பதுளையில் பயிற்சிக்குப் போய் வந்தவள், இனி என்னை எவனும் கேட்க முடியாது என்பதுபோல நிமிர்ந்து நடந்தாள். கூட்டமாகக் கத்துவதை நிறுத்தினாள். பாயை விரித்தாள். சில பிள்ளைகள் மணலில் எழுதின, சில தேயிலை விதைகளை வகை பிரித்தன. ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் கூப்பிட்டு, "நேத்து என்னா நடந்துச்சு, சொல்லு" என்று கேட்பாள். பிள்ளை தன் வாயால் சொன்னதை அப்படியே எழுதிக் காட்டி, அதையே வாசிக்க வைப்பாள். எங்க மாடு கன்னு போட்டிச்சு. அப்பா மரத்துலேருந்து விழுந்துட்டாரு. இதுதான் பாடம்.

மலைக்கு ஒரு சத்தமும் வரவில்லை. ஒன்றாம் வகுப்பு இருக்கிற மூலை செத்த வீடு மாதிரிக் கிடந்தது.

"என்னா, ஒன் அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று முதலில் நல்லவிதமாகத்தான் கேட்டார்கள். மாசி போய்ப் பங்குனி வந்ததும் பேச்சு மாறியது. பூவம்மாவின் சின்னவன் சுஜன் அந்த வகுப்பில்தான் இருந்தான். "கவுருமெண்டு சம்பளத்த வாங்கிக்கிட்டுத் தூங்குறா. எம்புள்ள மண்ணுல வெளையாடிட்டு வாறான்" என்று அவள் என் காதுபடவே சொன்னாள். நான் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனேன். கங்காணி வந்து விலக்கிவிட்டார்.

அதோடு நின்றதா? தோட்டத் தலைவர் கந்தப்பனிடம் போனார்கள். தொழிற்சங்கத் தலைவர் என்றால் எங்கள் பக்கம் கலியாணத்திலிருந்து கருமாதி வரை அவர் வாய்தான். அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து அதிபரைப் பார்க்கப் போனார்.

அதிபர் வீரசிங்கம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். பயந்த மனிதர். ஊர் விட்டு ஊர் வந்து, தோட்டத்துச் சனத்தோடு சண்டை கொளுவாமல் காலத்தை ஓட்டிவிடப் பார்த்தவர். ஆவணி வரை தலைவருக்கு ஏதேதோ சமாதானம் சொல்லிச் சமாளித்தவர், பள்ளியின் மூன்றாம் தவணை தொடங்கியதும் அக்காவைக் கூப்பிட்டார்.

"குணமணி, சனம் வந்து என்னைப் பிடுங்கித் தின்னுது. திங்கக்கிழமையிலயிருந்து பிள்ளையளை வடிவாச் சத்தம் போட்டுப் படிக்க வையும். இல்லையெண்டா ஒண்டாம் வகுப்பை வேற ஆளிட்டக் குடுக்கவேண்டி வரும்."

"குடுங்க சேர். ஆனா அதுக்கு முந்தி தாய்மாரக் கூப்புடுங்க. அவங்க புள்ளைங்களுக்கு என்னா தெரியும்னு அவங்களே பாத்துட்டுச் சொல்லட்டும்."

"அதுகளுக்கு வாசிக்கத் தெரியாதே. என்னத்தைப் பாக்கிறது?"

"அது என் பாடு சேர்."

வகுப்பு போய்விட்டால் அந்தப் பிள்ளைகளும் உதடு மட்டும் அசைக்கப் போய்விடுவார்கள். அதுதான் அவளுடைய பயம். என்னிடம் மட்டும் சொன்னாள். வெளியில் காட்டிக்கொள்வாளா? வெள்ளிக்கிழமை வரை தலையை நிமிர்த்திக்கொண்டே பள்ளிக்கூடம் போய் வந்தாள்.

அதிபர் ஒத்துக்கொண்டு தாய்மாரைச் சனிக்கிழமைக்கு வரச் சொன்னார். அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. மலையில் வேலை இல்லாததால் தாய்மார் எல்லாரும் வந்துவிட்டார்கள். தலைவரும் வந்து முன் வாங்கில் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் வெளியே மைதானத்தில் இருந்தார்கள். அக்கா சோக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகை முன்னால் நின்றாள்.

"உங்கள்ல ஒருத்தர் ஏதாச்சும் சொல்லுங்க. மனசுல உள்ளது எதுவா இருந்தாலும் சரி. நான் எழுதுறேன். வெளிய நிக்கிற புள்ளையக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுவோம். நீங்க சொன்னது உங்களுக்குத் தெரியும். புள்ளைக்குத் தெரியாது."

கூட்டத்தில் சலசலப்பு. பூவம்மா எழுந்தாள். அவளுக்குப் பயம் கிடையாது, அது எனக்குப் பிடித்த குணம்.

"எழுதுங்க டீச்சர். குணமணி டீச்சர் படிச்சுக் குடுக்காம தூங்குறாங்க."

வீரசிங்கம் சேர், "ஐயோ பிள்ளை, இருங்கோ" என்று கையை நீட்டினார். அக்கா சிரித்துக்கொண்டே எழுதினாள். ஒரு எழுத்தையும் விடவில்லை. "உங்க சின்னவனையே கூப்புடுங்க" என்றாள்.

சுஜன் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தான். விரலை நீட்டி, எழுத்துக் கூட்டி, நின்று நின்று வாசித்தான். "கு... ண... மணி டீச்சர்... படிச்சுக் குடுக்காம... தூ... தூங்..." அங்கே நின்றுவிட்டான். திரும்பி அக்காவைப் பார்த்தான். "தூங்குறாங்கன்னு போட்டிருக்கு டீச்சர். யாரு எழுதுனது?" என்று கோபமாகக் கேட்டான்.

பெண்கள் சிரித்தார்கள். சிலர் கை தட்டினார்கள். பூவம்மா சிரிக்கவில்லை. அவள் வாசலுக்குப் போய், "துஷ்யந்தி! இங்க வாடி!" என்று கூப்பிட்டாள். மூத்தவளைக் கொண்டு தம்பியை மிஞ்சிக் காட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

துஷ்யந்தி மூன்றாம் வகுப்பு. பலகை முன்னால் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். எழுத்துகளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அந்தக் கணீர்த் தொண்டையைத் திறந்து, ராகம் போட்டு, மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை. கண் பலகையிலேயே இருந்தது.

யாரும் அவளை நிறுத்தவில்லை. முழுப் பாடத்தையும் சொல்லி முடித்தாள். பூவம்மா அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். பலகையில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியுமே, அவள் சொன்னதுதானே. அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அத்தனை நாள் அவள் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் எனக்கு எங்கே போனதென்று தெரியவில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்து, "அது வந்து, புள்ள பயந்திருச்சு..." என்றார்.

"நீங்க பேசாதீங்க தலைவரே!" என்று எழுந்தாள் பூவம்மா. "சேர், எம்மக மூணு வருசமா இங்கதான வாறா? மழைன்னும் பாக்காம அனுப்புனேன். நான் மலையில இருந்து கேட்டதெல்லாம் என்னா சேர்? வெறும் சத்தமா?"

வீரசிங்கம் சேர் பலகையை அழிக்கத் துடைப்பானை எடுத்தார். பூவம்மா போய் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"அழிக்கக் கூடாது. எம்மக இத வாசிக்கிற வரைக்கும் இது இங்கயேதான் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றாள் அக்கா. "திங்கக்கிழமையிலேருந்து துஷ்யந்திய எங்கிட்ட அனுப்புங்க. பாயில எடம் இருக்கு."

அது சட்டத்துக்குச் சரிவராது என்று சொல்ல அதிபர் வாயெடுத்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஒன்றாம் வகுப்பு அக்காவிடமே இருந்தது. தினமும் மதியத்துக்குப் பிறகு மற்ற வகுப்புகளிலிருந்தும் பிள்ளைகள் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். இடையில் பதுளையிலிருந்து பார்வையிட வந்த அதிகாரி பலகையைப் பார்த்துத் திடுக்கிட்டு, இதை எந்தப் பிள்ளை எழுதியது என்று அதட்டினார். "நான்தான் சேர் எழுதுனேன். இன்னும் அழிக்க முடியாது" என்று சொல்லி அக்கா தன் வேலையைப் பார்த்தாள். பின்னால் பதுளை டவுண் பள்ளிக்கு மாற்றம் வந்தபோதும் அதே வாயால்தான் வேண்டாம் என்றாள். இன்றுவரை தண்ணிமலையை விட்டு அசையவில்லை.

அந்த மூன்றாம் தவணை முடிவதற்குச் சில நாள் முந்தி துஷ்யந்தி அம்மாவை வரச் சொல்லி மலைக்கு ஆள் அனுப்பினாள். பகல் கொழுந்து நிறுவைக்குப் போகாமல் பூவம்மா கூடையோடு பள்ளிக்கூடத்துக்கு இறங்கினாள், பின்னால் நானும் போனேன். துஷ்யந்தி ராகம் போடவில்லை. பலகையில் இருந்ததை மெல்லிய குரலில், ஒவ்வொரு சொல்லாக, கடைசி எழுத்து வரை வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, இது பொய்ம்மா."

"தெரியும்டி" என்றாள் பூவம்மா. "நான்தான் சொன்னேன். அழிச்சிடு."